கெட்டிமேளத்தை நிறுத்திய கை

நாமக்கல்லில் இன்சூரன்ஸ் என்ற சொல் தெரியாத ஆளை நான் பார்த்ததில்லை. எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். ஃபுல் இன்சூரன்ஸா, தேர்ட் பார்ட்டி மட்டுமா? சர்வேயர் வந்தாரா? கிளெய்ம் பாஸ் ஆச்சா? லாரியால் வளர்ந்த ஊர் அது. லாரி யார் மேலாவது மோதினால் யாருக்கு யார் என்ன தரவேண்டும் என்பது அங்கே டீ ஆற்றுகிறவருக்கும் அத்துப்படி.

எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் கொட்டாவி வரும். என்னிடம் லாரி கிடையாது. ஒரு ஸ்டுடியோதான் இருந்தது. பூர்வீகம் சேலம் டவுன். எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு நாமக்கல் வந்து கடை போட்டேன். ஊருக்கெல்லாம் நான் பாய். சுற்றுவட்டாரத்துத் தோட்டத்து வீடுகளில் பெண் எடுப்பவர்களும் கொடுப்பவர்களும் பத்திரிகை அடிக்கும் முன்பே என்னிடம் தேதி சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முகூர்த்த நேரத்தில் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றால், தாய்மாமனாக இருந்தாலும் அதட்டுவேன். "பாய் படமும் எடுப்பாரு, உசுரையும் எடுப்பாரு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மறுபடியும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த நாளில் ஆபத்து என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான்: படம் விழாமல் போவது. தாலியை ஒருமுறைதான் கட்டுவார்கள். ஃபிலிம் ரோல் கேமராவின் பல்லில் மாட்டாமல் வெறுமனே சுற்றியிருந்தாலோ, லேபில் கெட்டுப்போனாலோ, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா? அதற்காகவே கழுத்தில் இரண்டு கேமரா தொங்கும். தாலி கட்டும் காட்சியை இரண்டிலும் எடுப்பேன். ஒரு ரோல் பையில், இன்னொன்று சட்டைப் பாக்கெட்டில். சேலத்து லேபுக்கு இரண்டையும் ஒரே நாளில் அனுப்பமாட்டேன். போகிற பஸ் கவிழ்ந்தாலும் ஒன்று மிஞ்சவேண்டும் என்பது என் கணக்கு. படத்துக்கு இத்தனை பாதுகாப்பு செய்தவன், படத்துக்குள் நிற்கிற மனிதர்களுக்கு என்னால் ஒன்று ஆகலாம் என்று யோசித்ததே இல்லை. கேமரா யார் மேல் மோதப்போகிறது?

எண்பதுகளின் நடுவில் வீடியோ வந்தது. வீடியோவுக்கு வெளிச்சம் வேண்டும், அதுவும் கண் கூசுகிற வெளிச்சம். ஆள் உயரத்துக்கு மேல் ஸ்டாண்டில் நிற்கிற பெரிய விளக்குகளை நான் வாங்கிக்கொண்டேன். வீடியோக்காரரை மட்டும் சேலத்திலிருந்து வரவழைப்பேன். அந்த விளக்கு எரியும்போது பக்கத்தில் போனால் முகம் காயும். மணப்பெண்ணின் பவுடர் வியர்வையில் வழியும். எத்தனை விளக்கு நிற்கிறதோ அத்தனை பெரிய கல்யாணம் என்று ஊரில் ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது.

அப்படி ஒரு பெரிய கல்யாணம், திருச்செங்கோடு போகும் வழியில் ஒரு தோட்டத்து வீட்டில். பெண்ணின் அப்பா தோட்டமும் லாரிகளும் உள்ளவர். அவரை லாரிக்காரர் என்றே சொல்கிறேன். விடியற்கால முகூர்த்தம். வீட்டு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். மணவறைக்கு வலது பக்கம் ஒரு விளக்கு, அதற்குக் கீழே மேளக்காரர்களின் ஜமக்காளம். நல்ல முகூர்த்த நாள் என்பதால் இரண்டாவது தவிலுக்கு ஆள் கிடைக்கவில்லை; ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், அவ்வளவுதான்.

சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரர் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று நாலு பக்கமிருந்தும் குரல். தாலி ஏறி முடியும்வரை தவில் ஓயக்கூடாது. ஒரு தும்மல், ஒரு அழுகை, ஒரு கெட்ட வார்த்தை மணமக்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் அப்படி இடி முழங்க வாசிப்பது. தவில்காரரும் முழங்கினார். அட்சதை தூவக் கூட்டம் முண்டியது. யாரோ ஒருவரின் கால் வயரில் மாட்டியிருக்கவேண்டும். நான் கேமராவில் கண்ணை வைத்துப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன். தவில் நின்றது.

அதற்கடுத்துத்தான் கண்ணாடி வெடிக்கிற சத்தம் கேட்டது. பந்தலின் ஒரு பக்கம் இருண்டது. நாதஸ்வரம் மட்டும் துணையில்லாமல் இழுத்துக்கொண்டிருக்க, "மேளம் நின்னுபோச்சே! ஐயோ, மேளம் நின்னுபோச்சே!" என்று ஒரு பெண் குரல் எல்லோருக்கும் மேலே எழும்பியது. முடிச்சு விழுகிற நேரத்தில் கெட்டிமேளம் நின்ற கல்யாணத்தை அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். எல்லோரும் தவில்காரரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வலது கையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லைட்டு விழுந்துதுங்க" என்றார்.

"நீ இடிச்சிருப்ப. ஒரு நிமிசம் பொறுத்துக்க முடியாதா உனக்கு?" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர்.

நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தேன். மீதிச் சீர்களை வீடியோக்காரரிடம் விட்டுவிட்டு, சீர் சாமான் இறக்கிவிட்டு வெளியே நின்ற லாரியிலேயே அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தவில் வாசிப்பவர்கள் வலது கை விரல்களில் துணியும் பசையும் சேர்த்துச் செய்த கெட்டியான கூடு மாட்டியிருப்பார்கள். அது கருகி விரலோடு இறுகியிருந்தது. டாக்டர் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். கூடு இருந்ததால் விரல் நுனிகள் தப்பின. உள்ளங்கையும் விரல்களின் அடிப்பக்கமும் வெந்துபோயிருந்தன. ஆறிவிடும், ஆனால் விரல்கள் முன்போல மடங்குமா என்பதை இப்போது சொல்லமுடியாது என்றார். தவில்காரர் என்னைப் பார்த்து, "முகூர்த்தம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா பாய்?" என்று கேட்டார்.

செய்தி எங்களுக்கு முன்பே ஊர் சுற்றிவிட்டது. விளக்கு விழுந்ததை யாரும் பேசவில்லை. 'கெட்டிமேளத்த நிறுத்துனவரு' என்பதுதான் பேச்சு. கை ஆறுவதற்கு முன்னாலேயே, அடுத்த தை மாதம் வரைக்கும் பேசியிருந்த கல்யாணங்களிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து, வேறு மேளம் பார்த்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கை ஆறினாலும் கூப்பிட ஆள் இல்லை என்கிற நிலை. பிழைப்பே போய்விடும்போல இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து லாரிக்காரர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். சோடா வரவழைத்துக் கொடுத்தேன், தொடவில்லை.

"ஏனுங்க பாய், உங்க லைட்டுக்குத் தேர்ட் பார்ட்டி போட்டிருக்கீங்களா?"

"லைட்டுக்கு ஏதுங்கண்ணா தேர்ட் பார்ட்டி?"

"அப்ப என் வண்டியில ஏத்திருவோம்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். "ஆசுபத்திரிக்குத் தவில்காரன் என் வண்டியிலதான போனான்? ரேடியேட்டர் மூடியத் தொறக்கறப்ப சுடுதண்ணி கையில அடிச்சுப்போச்சுன்னு எழுதிக்குடுப்போம். பக்கத்துல இருந்தேன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. அவனுக்கும் நாலு காசு வரும், உங்க தலையும் தப்பும். எம் பொண்ணு கண்ணாலத்துல ஒண்ணுமே நடக்குலைன்னும் ஆயிருமுங்க."

கடைசியாகச் சொன்னதுதான் அவர் வந்த காரணம் என்று தெரிந்தது. ஆனாலும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது. லாரி ஊரில் வளர்ந்த மனிதருக்கு, கஷ்டம் வந்தால் அதை வண்டியில் ஏற்றத்தான் தோன்றும். எனக்கும் ஒரு கையெழுத்தோடு போகிற விஷயம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் அந்த லாரியின் டிரைவர் வந்தார். ஆஸ்பத்திரிக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். படம் எடுக்க வந்தவர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு தலையைக் குனிந்தபடி பேசினார்.

"மொதலாளி சொன்னா நான் மாட்டேன்னு சொல்ல முடியாதுங்க பாய். ஆனா மூடியத் தொறந்தது நான்னுதான எழுதுவாங்க? இத்தன வருசத்துல எம் மேல ஒரு கேசு இல்லீங்க. லைசென்ஸ்ல ஒரு கீறல் இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. விளக்கு என்னுடையது. வயரை அந்த வழியாக இழுத்தது நான். அதை இன்னொருவரின் லைசென்ஸில் எழுதுவதா? அன்று சாயங்காலமே லாரிக்காரர் வீட்டுக்குப் போய் முடியாது என்றேன். "உங்களுக்கு நல்லது பண்ணப் பாத்தா வம்பு பண்றீங்களே பாய்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தவில்காரர் வீட்டுக்குப் போனேன். லாரிக்காரரின் யோசனை அவர்களுக்கும் சொல்லப்பட்டிருந்தது. நான் மறுத்த செய்தியும் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தவில்காரர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவர் மனைவி சும்மா இருக்கவில்லை.

"உங்க உண்மைய வெச்சு எங்க ஊட்டு அடுப்பு எரியுங்களா பாய்?"

"கை சரியாகிற வரைக்கும் உங்க ஊட்டு அடுப்பு என் பொறுப்பு" என்றேன்.

"சரிங்க. அப்புறம்?"

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பேர் முன்னால் குரலை உயர்த்துகிற நான், அந்தப் பார்வைக்கு முன்னால் கூனிக்குறுகி நின்றேன்.

அப்போதுதான் தவில்காரர் வாயைத் திறந்தார். "லைட்டு கண்ணாலப் பொண்ணு அம்மிணி மேல விழப் பாத்துதுங்க பாய். நெத்திக்கு நேரா. அதான் கைய நீட்டிட்டேன். நீட்டுனப்பறம்தான் மேளம் நின்னது தெரிஞ்சுது."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"லைட்டு விழுந்துதுன்னு சொன்னேனுங்களே. நெசத்த யாரு கேக்கறாங்க? மேளம் நின்னுதான்னா நின்னுதுதான."

தவில் நின்ற நொடியில் என் விரல் பட்டனில் இருந்தது. அது எனக்கு உறுதியாக நினைவிருந்தது. ஆனால் எந்தக் கேமராவில் எதை எடுத்தேன் என்று தெரியாது. முதல் ரோலில் அந்த இடத்தில் அட்சதையும் ஒரு மாமாவின் முதுகும்தான் இருந்தன. இரண்டாவது ரோலை எப்போதும்போல இன்னும் அனுப்பாமல் வைத்திருந்தேன். அதை பஸ்ஸில் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. நானே சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சேலம் போய், லேப் வாசலிலேயே பகல் முழுக்கக் காத்திருந்தேன். படம் வந்தது.

குனிந்த தலையோடு மணப்பெண். கழுத்துக்குப் பின்னால் மாப்பிள்ளையின் கைகள். இருவர் தலைக்கும் மேலே, எரிந்தபடியே சாய்ந்து வருகிற விளக்கு. ஓரத்திலிருந்து நீண்டு வந்து, விளக்கின் அடியில் விரித்துத் தாங்குகிற ஒரு கை; விரல்களில் வெள்ளைக் கூடுகள். தவில்காரரின் முகம்கூடப் படத்தில் இல்லை. கைதான் இருந்தது. எடுத்த இத்தனை ஆயிரம் படங்களில் எது நல்ல படம் என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன், நான் பார்க்காமலே எடுத்த அந்தப் படத்தை.

அதைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு லாரிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிதான் முதலில் வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ சாமி, எம் புள்ள மூஞ்சியிலயில்ல விழுந்திருக்கும்!" லாரிக்காரர் படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தவில்காரர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ளார வரலாமுங்களா?" என்று கேட்டார். அதுவரை அவர் அந்த மனிதரை அவன் இவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாண ஆல்பத்தில் முதல் படமாக அதைத்தான் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். பிள்ளையார் படத்துக்கு அடுத்து அந்தக் கை. ஆல்பத்தைத் திறந்தவர்கள் எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகமுடியும். ஊரில் அப்போதும் 'கெட்டிமேளத்த நிறுத்துனவரு' என்றுதான் சொன்னார்கள், ஆனால் சொன்ன விதம் மாறியிருந்தது. வேறு மேளம் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

எல்லோரும் இதோடு முடிந்தது என்றார்கள். என்னால் அப்படி விடமுடியவில்லை. லாரிக்காரர் நல்லவராக இருந்தார். படம் தற்செயலாக விழுந்தது. இன்னொரு பந்தலில், இன்னொருவர் கை நீட்டி, அது என் படத்தில் விழாமல் போனால்? அந்த வீட்டு அம்மாள் 'அப்புறம்?' என்று கேட்டால் அப்போதும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேனா? ஊரில் இருக்கிற ஒவ்வொரு லாரிக்கும் இருக்கிற ஒன்று என் விளக்குக்கும் இருந்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ். அங்கே இருந்த அதிகாரி என்னைவிட இளையவர், மரியாதையானவர்.

"கேமராவுக்குப் போடலாம் பாய். உடைஞ்சாலும் திருடு போனாலும் பணம் வரும்."

"கேமரா உடைஞ்சா வேற வாங்கிக்கறேன் சார். என் சாமான் விழுந்து ஒரு மனுஷன் உடைஞ்சா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கும் ஒன்று இருக்கிறது, பப்ளிக் லயபிலிட்டி என்று பெயர், மில்லுக்கும் சினிமா தியேட்டருக்கும் கொடுப்பது என்றார். ஆனால் அது ஒரு கட்டிடத்துக்கு, ஒரு முகவரிக்கு எழுதுவது. "உங்க தொழில் நடக்கிற இடம் எது?"

"பத்திரிகையில எந்த இடம் போட்டிருக்கோ, அந்த இடம்."

சிரித்துவிட்டார். ஆனால் முடியாது என்றுதான் சொன்னார். லாரிக்கு மட்டும் முகவரி இருக்கிறதா என்று கேட்டேன். லாரிக்குச் சட்டம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை என்றார். அன்று திரும்பி வந்தேன். லேபுக்குச் சேலம் போகும்போதெல்லாம் அந்த ஆபீஸ் படியும் ஏறினேன். பியூன் என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போடுகிற அளவுக்கு ஏறினேன்.

வீட்டிலும் எதிர்ப்பு கிளம்பியது. சேலத்தில் ஜவுளி வியாபாரம் செய்த என் மச்சான், இன்சூரன்ஸ் நம் மார்க்கத்துக்கு ஆகுமா ஆகாதா என்று பள்ளிவாசலில் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்று பிடித்துக்கொண்டார். "மச்சான், உங்க சரக்கு பம்பாயிலிருந்து எதுல வருது? லாரியில. அந்த லாரி இன்சூரன்ஸ் இல்லாம ஓடுமா? நான் கேக்கறது எனக்கு லாபம் இல்ல, என்னால அடிபட்டவனுக்கு மருந்து" என்றேன். அவர் கேட்டுச் சொல்வதாகப் போனார். பாவம், எந்தப் பதிலையும் கொண்டுவரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை.

கடைசியில் அதிகாரியை ஒரு கல்யாணத்துக்கு வந்து கண்ணால் பார்க்கச் சொன்னேன். வாழப்பாடியில் ஒரு பந்தல். வந்தார். சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக வயரைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். விளக்கின் கீழேயே குழந்தையைத் தூங்கவைத்திருந்த ஒரு தாயைப் பார்த்தார். பந்திக்கு எழுந்தபோது அவர் காலே வயரில் மாட்டியது, நான் பிடித்துக்கொண்டேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தார்.

"லாரிக்காவது ஹாரன் இருக்கு பாய்" என்றார்.

அதற்குப் பிறகு அவரே முனைந்து மேலிடத்துக்கு எழுதினார். நிபந்தனைகளையும் போட்டார்: ஸ்டாண்டைப் பந்தல் காலோடு கயிறு போட்டுக் கட்டவேண்டும், வயர் நடைபாதையில் கிடக்கக் கூடாது, எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்கவேண்டும். இதில் கயிறு கட்டுவது மட்டும் லாரிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு நானே செய்யத் தொடங்கியது. பாலிசி தயாராகிவிட்டது, வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

போனேன். கையெழுத்துப் போடும் முன்னால் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இது மாதிரி நடந்தா இந்தப் பாலிசி குடுக்குமா சார்?"

அவர் படத்தைப் பார்த்தார். முகம் மாறியது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். "விளக்கு பெண் மேல விழுந்திருந்தா குடுக்கும். இவர் தானாப் போய்ப் பிடிச்சிருக்கார். தானா வரவழைச்சுக்கிட்ட காயம்னு சொல்லிடுவாங்க பாய்."

எனக்குக் கோபம் வெடித்தது. விளக்கு விழுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்று அடிபட்டவனுக்குப் பாதுகாப்பு உண்டு. ஒரு பெண்ணின் முகத்தைக் காப்பாற்றியவனுக்குக் கிடையாதா? ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். இந்தக் கைக்கு இல்லாத பாலிசியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதிகாரி என்னை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். அவர் நான் கத்தி முடிக்கும்வரை இருந்துவிட்டு, "இந்தப் படத்தோட ஒரு காப்பி எனக்குக் குடுங்க" என்றார்.

படம் மெட்ராஸ் மேலிடத்துக்குப் போனது. திரும்பி வந்தது. விளக்கம் கேட்டார்கள், எழுதினார். மறுபடி முடியாது என்றார்கள், மறுபடி எழுதினார். என் பிடிவாதம் அவரைப் பிடித்துக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். முடிவில், பாலிசியோடு ஒட்டிய ஒரு சின்னத் தாளில் ஒரே ஒரு வரி டைப் அடித்து வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அவர் நிதானமாகத் தமிழில் சொன்னார்: விபத்திலிருந்து பிறரைக் காப்பாற்ற முனைந்து காயம்படுகிறவருக்கும் இது பொருந்தும். கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

தவில்காரர் அதற்குள் மறுபடி வாசிக்க ஆரம்பித்திருந்தார். மோதிரவிரல் மட்டும் மடங்கவில்லை. அதற்குத் தகுந்தமாதிரி அடியை மாற்றிக்கொண்டார். ஆனால் விளக்கு எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் ஜமக்காளத்தை விரிப்பார். நான் கவனித்திருக்கிறேன், கேட்டதில்லை.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். இரண்டு பேரும் அங்கே இருந்தோம். தாலி கட்டக் கொஞ்சம் நேரம் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்ப எங்கைக்கு வருங்களா?"

"வராதுங்க. முன்னால நடந்ததுக்குக் குடுக்க மாட்டாங்க." மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. "இனிமேல் ஒருத்தர் கைய நீட்டினாத்தான்."

அவருக்கு வருத்தம்தான். அதை ஒளிக்கவும் இல்லை. "எனக்கு இல்லாததுக்கு இத்தன நட நடந்தீங்களா பாய்?" என்றார்.

"ஆமாங்க. உங்க கையக் காட்டித்தான் வாங்கினேன்."

அவர் எழுந்தார். என் விளக்கு நின்ற இடத்துக்குப் போய், ஸ்டாண்டைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை வலது கையால் இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை பலமாக இழுத்தார். பிறகு திரும்பி வந்து ஜமக்காளத்தைச் சுருட்டினார், தவிலைத் தூக்கினார், நேரே போய் அந்த விளக்குக்குக் கீழேயே விரித்து உட்கார்ந்தார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கேமராவில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு நின்றேன், மறுபடி நிறைந்தது.

"ஏனுங்க பாய், அங்க என்ன பராக்குப் பாத்துக்கிட்டு? தாலியக் கட்டப் போறாங்க, கேமராவத் தூக்குங்க" என்று அவர் என்னை அதட்டினார்.

தூக்கினேன்.